இரண்டு ஆண்டாகியும் பூக்காத பிரெய்ரி குளோவர்: இடம் மாற்றி நடலாமா?

முல்லைமேடு (அயோவா), ஜூன் 9

அனைவருக்கும் வணக்கம். அமெரிக்காவின் அயோவா மாநிலத்தில், டி மொய்ன் நகருக்கு வெளியே வசிக்கிறேன். எங்கள் வீட்டின் பின்புறம் தெற்குப் பார்த்த சரிவு ஒன்று உள்ளது. வீடு கட்டியபோது மேல்மண்ணை வழித்து எடுத்துவிட்டதால் அங்கே சரளையும் வெளிறிய மண்ணும்தான் மிஞ்சியிருக்கின்றன. புல்தரை ஜூலை பிறப்பதற்குள் கருகிவிடும். அந்தச் சரிவுக்கு ஏற்றது இந்த மண்ணிலேயே பிறந்த பர்ப்பிள் பிரெய்ரி குளோவர் என்று பலரும் சொன்னதை நம்பி, சென்ற ஆண்டுக்கு முந்தைய ஆண்டின் அக்டோபர் இறுதியில் விதையைத் தூவினேன்.

சென்ற ஆண்டு முளைத்தவை நான்கு விரற்கடை உயரத்தோடு நின்றுவிட்டன. இந்த ஆண்டு ஒரு சாண் வளர்ந்திருக்கின்றன. ஊசி போன்ற மெல்லிய சிற்றிலைகள் ஐந்தைந்தாக இருப்பதால் செடி அதுதான் என்பதில் ஐயமில்லை. பதினொரு செடிகள் உயிரோடு உள்ளன. மூன்றை முயல் கடித்து மொட்டையாக்கிவிட்டது. பூவுக்கான அறிகுறி எதுவும் தென்படவில்லை. பக்கத்து வீட்டுப் பெரியவர், அவற்றைப் பெயர்த்தெடுத்து, உரமிட்ட நல்ல மண்பாத்தியில் வைத்தால் இந்தக் கோடையிலேயே பூக்கும் என்கிறார். செய்யலாமா?

இன்னொரு சிறு ஐயம்: இச்செடிக்குத் தமிழில் யாரேனும் பெயர் வைத்திருக்கிறீர்களா? ஊரிலிருந்து வந்திருக்கும் என் அம்மா ஒவ்வொரு நாளும் கேட்கிறார். "குளோவர்" என்றால் அவருக்கு வாயில் நுழையவில்லை.

வேர்வழி (நெப்ராஸ்கா), ஜூன் 9

பெயர்க்காதீர்கள். விரிவான காரணத்தை இரவு எழுதுகிறேன். அதற்குள் மண்வெட்டியைத் தொட்டுவிட வேண்டாம் என்பதற்காகவே இந்த ஒற்றை வரி.

வேர்வழி (நெப்ராஸ்கா), ஜூன் 10

நேற்றுச் சொன்னதற்குக் காரணம் இதுதான். உங்கள் செடி ஒரு சாண் உயரம்தான் இருக்கிறது என்று நீங்கள் எழுதியிருப்பது மண்ணுக்கு மேலே தெரிவதை மட்டும் வைத்து. பிரெய்ரிச் செடிகளை அந்தக் கணக்கில் அளந்தால் எப்போதும் தவறான விடைதான் வரும். பர்ப்பிள் பிரெய்ரி குளோவரின் ஆணிவேர் முதிர்ந்த நிலையில் இரண்டு மீட்டர் வரை இறங்கக்கூடியது. தண்டோ முக்கால் மீட்டர், மிஞ்சினால் தொண்ணூறு சென்டிமீட்டர். முதல் இரண்டு கோடைகளில் இலை சமைக்கும் உணவின் பெரும்பங்கு கீழே போகிறது. மேலே பூ வைப்பதற்கு அது இன்னும் முதல் சேர்க்கவில்லை, அவ்வளவுதான்.

நான் வசிக்கும் லிங்கன் நகரத்தின் பல்கலைக்கழகத்தில் ஜான் வீவர் என்ற தாவரச் சூழலியலாளர் இருந்தார். வேரைப் பற்றிப் பேச வேண்டுமானால் வேரைப் பார்த்தாக வேண்டும் என்பது அவர் கட்சி. செடிக்குப் பக்கத்தில் ஆள் இறங்கி நிற்கும் அளவுக்கு அகழி வெட்டி, அகழியின் சுவரிலிருந்து மண்ணைச் சிறு கருவியால் சுரண்டிச் சுரண்டி, ஒவ்வொரு வேரும் எந்த ஆழத்தில் எந்தப் பக்கம் திரும்புகிறது என்பதை அடிக்கட்டம் போட்ட தாளில் வரைந்து வைத்தார். 1919-இல் அந்த ஆய்வுகள் நூலாக வெளிவந்தன. பின்னர் 1930-களில் இந்தச் சமவெளியைப் பெரும் வறட்சி தாக்கியபோது, எந்தச் செடி ஏன் தாக்குப்பிடித்தது, எந்தச் செடி ஏன் மடிந்தது என்பதை விளக்க அந்த வேர்ப்படங்கள் பெரிதும் பயன்பட்டன. மேல்மண் தூளாகிப் பறந்துகொண்டிருந்த ஆண்டுகளில், ஆழத்தில் எஞ்சியிருந்த ஈரத்தை எட்டிப் பிடிக்க வேருள்ளவை பிழைத்துக்கொண்டன.

உங்கள் செடிகள் இப்போது செய்துகொண்டிருப்பது அந்த வேலையைத்தான். மண்வெட்டி ஒரு சாண் ஆழம் இறங்கும். ஆணிவேர் அதற்குக் கீழே எங்கோ இருக்கும். அறுந்த ஆணிவேரோடு பாத்திக்கு மாறும் செடி பிழைக்கலாம், பிழைக்காமலும் போகலாம். பிழைத்தாலும் அந்த இரண்டு ஆண்டுச் சேமிப்பு போனது போனதுதான்.

கரிசல்காட்டான் (விருதுநகர் மாவட்டம்), ஜூன் 10

நான் அந்த நாட்டையும் அந்தச் செடியையும் நேரில் கண்டவன் அல்லன். ஆயினும் படத்தைத் தேடிப் பார்த்ததும், இது அவரைக் குடும்பத்துச் செடி என்பதும் எங்கள் ஓடைக்கரைக் கொழுஞ்சிக்குத் தூரத்து உறவு என்பதும் தெரிந்துவிட்டது. கொழுஞ்சியும் பல்லாண்டுச் செடி, ஊதாப் பூ, சரளை, கரிசல், தரிசு என்று எங்கும் நிற்கும், நெல் அறுத்த வயலில் பசுந்தாள் உரத்துக்காக விதைப்போம். அந்த விதையின் தோல் மெழுகு பூசியதுபோல் தண்ணீரை உள்ளே விடாது. ஆகவே மணலோடு சேர்த்துத் தேய்த்தோ, கொதிநீரில் சற்று நேரம் போட்டெடுத்தோ தூவினால்தான் சீராக முளைக்கும். தேய்க்காமல் தூவினால் இந்த ஆண்டு கொஞ்சம், அடுத்த ஆண்டு கொஞ்சம் என்று தவணை முறையில் முளைக்கும்.

சகோதரி, நீங்கள் விதையைத் தேய்த்தீர்களா? அவரைக் குடும்பச் செடிகளின் வேரில் முடிச்சு உண்டாக்கித் தழைச்சத்தைச் சேர்த்துத் தரும் ரைசோபியம் நுண்ணுயிரைக் கலந்தீர்களா? பதினொன்று மட்டுமே வந்திருப்பதற்கு அதுவும் காரணமாக இருக்கலாம் என்று எண்ணுகிறேன்.

விதைக்கூடை (இல்லினாய்), ஜூன் 11

கரிசல்காட்டான் ஐயா கேட்ட இரண்டு கேள்விகளும் நேரானவை. நான் இங்கே பழம் பிரெய்ரி நிலங்களில் விதை சேகரிக்கும் தன்னார்வலர் குழுவோடு எட்டு ஆண்டுகளாகச் செல்கிறேன். அந்த அனுபவத்திலிருந்து பதில் சொல்கிறேன்.

உமி நீக்கிய விதை ஒரு கிராமுக்கு ஏறத்தாழ 600 இருக்கும். சில ஆண்டு விதையில் தோல் கடினமாகவும் சில ஆண்டு விதையில் இளகியும் இருப்பதைப் பார்த்திருக்கிறோம். இளவேனிலில் விதைப்பதானால் உப்புத்தாளுக்கு இடையில் வைத்து மெல்லத் தேய்ப்போம். இலையுதிர் காலத்தின் கடைசியில், நீங்கள் செய்ததுபோல், நிலம் உறைவதற்கு முன்பு தூவினால் பனி உறைவதும் உருகுவதுமே தேய்க்கும் வேலையைப் பெரும்பாலும் செய்துவிடும். எனவே அந்த இடத்தில் உங்கள் மீது குற்றமில்லை.

ரைசோபியம் வேறு கதை. கடையில் சாதாரண வெள்ளைக் குளோவருக்கென விற்கும் பொட்டலம் இதற்குச் சரிவராது. பெயரில் குளோவர் இருந்தாலும் அந்தக் குளோவர் வேறு பேரினம். பிரெய்ரி குளோவருக்கென்று தனியாகக் கேட்டு வாங்க வேண்டும். மேல்மண் வழித்தெடுக்கப்பட்ட உங்கள் சரிவில் அந்த நுண்ணுயிர் இயல்பாக இருக்க வாய்ப்புக் குறைவு என்பதால், மீண்டும் தூவும்போது கலந்துகொள்ளுங்கள். ஊரில் பயறு விதைக்கு ஆறிய கஞ்சியில் ரைசோபியம் குழப்பி நிழலில் உலர்த்துவார்களே, அதே முறையை நான் இங்கே செய்தேன். குழுவில் இருந்த அமெரிக்க நண்பர்கள் கஞ்சிப் பானையைப் பார்த்து மதிய உணவு என்று நினைத்துவிட்டார்கள்.

முயலைக் குறைத்து மதிப்பிடாதீர்கள். இந்தச் செடி முயலுக்கும் மானுக்கும் மாட்டுக்கும் மிகப் பிடித்தமான தீனி. மேய்ச்சல் மிகுந்த நிலத்தில் முதலில் காணாமல் போகும் செடிகளுள் இது ஒன்று. கோழிக்கூட்டுக்குப் பயன்படும் கம்பிவலையை வட்டமாக வளைத்து ஒவ்வொரு செடியைச் சுற்றியும் குத்தி வையுங்கள்.

பாத்திப்பித்தன் (கன்சாஸ்), ஜூன் 11

மாற்றுக் கருத்துக்கு இடம் உண்டு என்று நம்பி எழுதுகிறேன். என் வீட்டில் இதே செடியை எருவிட்ட பாத்தியில் வைத்து, வாரம் இருமுறை நீர் பாய்ச்சினேன். இரண்டாம் ஆண்டே பூத்தது. தண்டு இடுப்புயரம் வந்தது. வறண்ட மண்ணில்தான் வளர வேண்டும் என்பது செடியின் விருப்பமா, நம் விருப்பமா? காட்டில் வேறு வழியின்றி வறட்சியைத் தாங்குகிற செடி, நல்ல இடம் கிடைத்தால் செழிக்காதா என்ன?

வேர்வழி (நெப்ராஸ்கா), ஜூன் 12

நியாயமான கேள்வி. மூன்றாம் ஆண்டு என்ன ஆயிற்று என்பதையும் எழுதினால் உதவியாக இருக்கும்.

பாத்திப்பித்தன் (கன்சாஸ்), ஜூன் 12

மறைக்க ஒன்றுமில்லை. மூன்றாம் ஆண்டு ஜூனில் தண்டுகள் எல்லாம் தரையில் சாய்ந்துவிட்டன. குச்சி நட்டுக் கட்டினேன். பனிக்காலத்தில் ஈரம் தேங்கியதில் பாதி அழுகியது. இருந்தபோதும் இரண்டாம் ஆண்டுப் பூவின் அழகை நான் இன்னும் மறக்கவில்லை என்பதைப் பதிவு செய்கிறேன்.

விதைக்கூடை (இல்லினாய்), ஜூன் 12

பாத்திப்பித்தன் அவர்களின் நேர்மைக்கு நன்றி. அவர் சொன்னது பொய்யில்லை. நீரும் எருவும் தந்தால் செடி விரைவில் பூக்கத்தான் செய்யும். ஆனால் பிரெய்ரியில் இச்செடி தனியாக நிற்பதே இல்லை. இரு பக்கமும் புற்கள் நெருக்கி நின்று, அதன் மெல்லிய தண்டுகளுக்குத் தோள் கொடுக்கின்றன. எருவிட்ட பாத்தியில் தண்டு கொழுத்து நீள்கிறது, தாங்குவதற்கு அண்டை அயல் இல்லை, சாய்ந்துவிடுகிறது. மேலும் தழைச்சத்தைத் தன் வேர்முடிச்சிலேயே உண்டாக்கிக்கொள்ளும் செடிக்கு நாம் தழைச்சத்தைக் கொட்டினால், அதைத் தின்று கொழுப்பவை சுற்றியுள்ள களைகளே. முல்லைமேடு அவர்களின் சரிவில் சிறிய இனப் புற்களை இடையிடையே விதைத்தால் போதும். பிரெய்ரியின் நெட்டைப் புற்கள் வேண்டாம், அவை இதை மூடிவிடும்.

முல்லைமேடு (அயோவா), ஜூன் 13

அனைவருக்கும் நன்றி, சற்று வெட்கத்தோடுதான் இதை எழுதுகிறேன். வேர்வழி அவர்களின் முதல் வரியை நான் படித்தது பத்தாம் தேதி மாலை. அன்று காலையிலேயே பக்கத்து வீட்டுப் பெரியவர் முன்னின்று ஒரு செடியைத் தோண்டிவிட்டார். அவர் ஆர்வத்தைத் தடுக்க எனக்கு மனம் வரவில்லை.

கண்டதைச் சொல்கிறேன். மண்வெட்டியை நெட்டுக்குத்தாக இறக்கி நெம்பியபோது, ஈரத்துணி கிழிவதுபோல் சிறு சத்தம் கேட்டது. மேலே வந்த செடி ஒரு சாண். அதனோடு வந்த வேர் ஒன்றரைச் சாண். அறுபட்ட முனை பென்சில் கனத்துக்குக் குறையவில்லை. அதாவது அது முடியும் இடத்தில் அறுபடவில்லை, நடுவழியில் அறுபட்டிருக்கிறது. குழிக்குள் கைவிட்டுப் பார்த்தேன். மீதி வேர் சரளைக்கு இடையில் கல்லைப்போல் பிடித்துக்கொண்டு நின்றது. பெரியவர் கொஞ்ச நேரம் குழியையே பார்த்துக்கொண்டிருந்துவிட்டு, மற்றவற்றை விட்டுவிடலாம் என்று அவராகவே சொன்னார். பெயர்த்ததை உடனே பாத்தியில் வைத்து நிழல் கட்டினேன். இன்று இலைகள் சுருண்டுவிட்டன.

கரிசல்காட்டான் அண்ணா கேட்டதற்காகப் பக்கவேர்களையும் பார்த்தேன். கடுகளவு மணிகள் ஐந்தாறு ஒட்டியிருந்தன. ஒன்றை நகத்தால் கிள்ளினேன். உள்ளே இளஞ்சிவப்பாக இருந்தது.

கரிசல்காட்டான் (விருதுநகர் மாவட்டம்), ஜூன் 13

உள்ளே சிவந்திருந்தால் முடிச்சு வேலை செய்கிறது என்று பொருள், சகோதரி. பயறு வயலில் நாங்களும் அப்படித்தான் கிள்ளிப் பார்ப்போம். ரைசோபியம் இல்லை என்ற கவலையை இனி விட்டுவிடலாம். எங்கிருந்தோ வந்து சேர்ந்திருக்கிறது.

அம்மா கேட்ட பெயருக்கு என் பங்காக ஒன்று: "பிரெய்ரிக் கொழுஞ்சி". பிரெய்ரி என்ற சொல் பள்ளிப் புவியியல் பாடத்திலேயே நமக்குப் பழகியது.

சொல்லாய்வன் (டொராண்டோ), ஜூன் 14

பெயர் சூட்டும் பேச்சு வந்ததால் உள்ளே வருகிறேன். ஐயாவின் பெயர் செவிக்கு இனிதாகவே இருக்கிறது. எனினும் இரண்டு தடைகள் உள்ளன. கொழுஞ்சியின் பூ அவரைப்பூ வடிவில், காம்பில் தள்ளித் தள்ளி அமைவது. இதுவோ திப்பிலிக் காயைப்போல் நெருங்கிய கதிர். இரண்டாவது, கொழுஞ்சியை ஆடுமாடுகள் பெரும்பாலும் சீண்டுவதில்லை. இதையோ, விதைக்கூடை அவர்கள் எழுதியபடி, கால்நடைகள் தேடித் தின்கின்றன. இதிலுள்ள டானின் என்ற துவர்ப்புப் பொருள் காரணமாக மாடுகளுக்கு வயிறு உப்புவதில்லை என்பதால், கனடாவின் லெத்பிரிட்ஜ் நகரிலுள்ள வேளாண் ஆய்வு மையத்தில் இதைத் தீவனமாக்கி ஆராய்ந்தும் இருக்கிறார்கள். மாடு தொடாத செடியின் பெயரை மாடு விரும்பும் செடிக்குச் சூட்டுவது எனக்கு நெருடுகிறது.

அறிவியல் பெயரிலேயே பூசல் நிகழ்ந்த செடி இது. இதழ்கள் மகரந்தத் தாளோடு ஒட்டிப் பிறப்பதைக் கொண்டு "பெட்டலோஸ்டெமன்" என்றொரு தனிப் பேரினத்தில் நெடுங்காலம் வைத்திருந்தனர். நியூயார்க் தாவரவியல் தோட்டத்தைச் சேர்ந்த ரூபர்ட் பார்ன்பி 1977-இல் அதனை டேலியா பேரினத்தோடு இணைத்தார். இந்த டேலியா நம் தோட்டத்து டேலியாப் பூ அன்று. சாமுவேல் டேல் என்ற ஆங்கில மருந்தாளுநரின் பெயரால் வழங்குவது. ஆகவே "டேலியா" என்றே விட்டுவிட்டால் குழப்பம் கூடும்.

வேர்வழி (நெப்ராஸ்கா), ஜூன் 14

அந்த நிலத்துக்குரியவர்கள் வைத்த பெயரை யாரும் கேட்கவில்லையே என்று காத்திருந்தேன். இங்கே பிளாட், லூப் ஆறுகளின் கரையில் மண்வீடுகள் கட்டி வாழ்ந்த பானி மக்கள், இதன் விறைப்பான தண்டுகளைக் கட்டித் துடைப்பமாக்கி வீட்டுத் தரையைப் பெருக்கினார்கள். மெல்வின் கில்மோர் என்பவர் 1919-இல் வெளியான தம் நூலில் அவர்கள் சொன்ன பெயரைக் குறித்து வைத்திருக்கிறார்; அறை, துடைப்பம், களை என்ற மூன்று சொற்கள் சேர்ந்த பெயர் அது. 1870-களில் அம்மக்கள் தம் ஊர்களை விட்டு ஓக்லஹோமாவுக்குப் போக நேர்ந்தது. துடைப்பச்செடி மட்டும் இங்கே நிற்கிறது.

கரிசல்காட்டான் (விருதுநகர் மாவட்டம்), ஜூன் 14

அப்படியானால் "விளக்குமாற்றுக் கொழுஞ்சி" என்று வைத்துவிடுங்கள். மாடு தின்றாலும் தின்னாவிட்டாலும் எனக்கு உறவை விட மனமில்லை.

இன்னொன்று. ஒரு சிட்டிகை விதையை அஞ்சலில் அனுப்பினால் எங்கள் ஓடைக்கரையில் போட்டுப் பார்ப்பேன்.

நெறியாளர், ஜூன் 15

குறுக்கிடுவதற்கு மன்னிக்கவும். விதைகளை இந்தியாவுக்கு அப்படி அனுப்ப இயலாது. 2003-ஆம் ஆண்டின் பயிர்த் தனிமைப்படுத்தல் ஆணைப்படி இறக்குமதி அனுமதியும், அனுப்பும் நாட்டின் பயிர்நலச் சான்றும் தேவை. சீமைக்கருவேலமும் பார்த்தீனியமும் எங்கிருந்து வந்தன என்பதை ஐயாவுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை.

கரிசல்காட்டான் (விருதுநகர் மாவட்டம்), ஜூன் 15

சீமைக்கருவேலம் என்றதும் வாயை மூடிக்கொண்டேன். கேட்டதைத் திரும்பப் பெறுகிறேன்.

விதைக்கூடை (இல்லினாய்), ஜூன் 16

விதை பற்றிய பேச்சு எழுந்ததால், உள்ளூர் விதை ஏன் முக்கியம் என்பதையும் சேர்த்துவிடுகிறேன். இந்தச் செடி கனடாவின் ஆல்பர்ட்டாவிலிருந்து தெற்கே டெக்சாஸ், நியூ மெக்சிகோ வரை பரவியிருக்கிறது. டெக்சாஸில் விளைந்த விதைக்கும் அயோவாவில் விளைந்த விதைக்கும் உறைபனி பற்றிய அறிவு ஒன்றாக இருக்காது. பொட்டலத்தில் செடியின் பெயர் மட்டும் இருந்தால் வாங்காதீர்கள். எந்த மாநில நிலத்தின் வழிவந்த விதை என்று கேளுங்கள். உங்கள் மாநிலத்திலேயே, சீடர் ஃபால்ஸ் நகரில், வடக்கு அயோவா பல்கலைக்கழகத்தின் நெட்டைப்புல் பிரெய்ரி மையம் அயோவா வழி விதைகளைப் பெருக்கி வருகிறது.

இதில் இத்தனை கண்டிப்பு வேண்டுமா என்று சிலர் கேட்பார்கள். ஒரு காலத்தில் அயோவாவின் ஐந்தில் நான்கு பங்கு நெட்டைப்புல் பிரெய்ரியாக இருந்தது. இன்று அதில் ஆயிரத்தில் ஒரு பங்குகூட எஞ்சவில்லை. 1837-இல் இல்லினாயில் ஜான் டியர் எஃகுக் கலப்பையைச் செய்த பிறகு, ஒட்டிப் பிடிக்கும் இந்தக் கரிய மண்ணை உழுவது எளிதாகி, ஒரு மனித ஆயுளுக்குள் பெரும்பகுதி வயலாகிவிட்டது. மிஞ்சியவை கலப்பை போகாத மூலைகள்: இருப்புப்பாதை ஓரங்கள், பழைய குடியேறிகளின் கல்லறைத் தோட்டங்கள், மேற்கு அயோவாவில் காற்று கொண்டுவந்து குவித்த வண்டல்மண் குன்றுகளின் செங்குத்துச் சரிவுகள். நான் முதன்முதலில் இந்தப் பூவைக் கண்டதே ஒரு கல்லறைத் தோட்டத்தில்தான். சாய்ந்து எழுத்தழிந்த நடுகல் ஒன்றின் அடியில், ஜூலை வெயிலில், இருபது இருபத்தைந்து தண்டுகள் ஒரே தூரிலிருந்து விரிந்து நின்றன.

அந்தக் கதிரைப் பக்கத்தில் அமர்ந்து பார்க்க வேண்டும். பூக்கள் ஒட்டுமொத்தமாக மலர்வதில்லை. கதிரின் அடியில் ஒரு வளையமாக முதலில் விரிகின்றன. ஒவ்வொரு சிறு பூவிலிருந்தும் ஐந்து மகரந்தத் தாள்கள் பொன்னிறப் பொட்டுகளோடு வெளியே நீள்கின்றன. அடுத்தடுத்த நாட்களில் அந்த வளையம், முழங்கை நோக்கி ஏறும் வளையல்போல, மேலேறிக்கொண்டே போகிறது. மேலே சாம்பல் பச்சை மொட்டு, கீழே உதிர்ந்து பழுப்பேறிய பகுதி, நடுவில் ஊதா. கொலிட்டஸ் என்ற தேனீ இனத்தில் சில வகைகள் தம் குஞ்சுகளுக்கான மகரந்தத்தை இந்தப் பேரினத்தின் பூக்களிலிருந்தே திரட்டுகின்றன. அவற்றின் பறக்கும் காலம் இந்த வளையம் ஏறும் காலத்தோடு ஒத்துப்போகிறது.

பாத்திப்பித்தன் (கன்சாஸ்), ஜூன் 16

வளையல் உவமை சரியாக இருக்கிறது. என் பாத்தியில் அழுகாமல் மீந்த நான்கையும் இனி நீர் பாய்ச்சாமல் விட்டுப் பார்க்கப் போகிறேன்.

முல்லைமேடு (அயோவா), செப்டம்பர் 2

பெயர்த்த செடி ஜூன் இறுதியில் பட்டுப்போனது. மீதிப் பத்துக்கும் கம்பிவலை போட்டுவிட்டேன். ஆகஸ்டில் மூன்று வாரம் மழை இல்லை. புல்தரை கருகியது, இவை வாடவில்லை. இந்த ஆண்டு பூக்கவில்லை.

முல்லைமேடு (அயோவா), அடுத்த ஆண்டு ஜூலை 6

இழை பழையதாகிவிட்டது; இருந்தாலும் இங்கேயே சொல்ல வேண்டும் என்று தோன்றியது. பத்தில் ஏழு செடிகள் பூத்திருக்கின்றன. முதல் கதிரில் வளையம் விரிந்தது சென்ற திங்கட்கிழமை. இன்று காலை அது கதிரின் பாதியைத் தாண்டியிருக்கிறது. அம்மா ஊருக்குத் திரும்பிவிட்டதால் காணொளி அழைப்பில் காட்டினேன். கைப்பேசியைக் கிட்டே கொண்டுபோகச் சொல்லி, கொழுஞ்சியா இது, நம் வேலியோரக் கொழுஞ்சி இப்படி நெட்டுக்குத்தாகவா பூக்கும் என்று கேட்டார். சொல்லாய்வன் அவர்களின் தடையை அவர் படித்ததில்லை.

பக்கத்து வீட்டுப் பெரியவர் சென்ற இலையுதிர் காலத்தில் என்னிடம் ஒரு கைப்பிடி விதை வாங்கிப்போய், அவர் வீட்டுத் தபால்பெட்டியின் அடியில் தூவியிருக்கிறார். நான்கு விரற்கடை உயரத்தில் ஆறு செடிகள் நிற்கின்றன. உரம் போட்டீர்களா என்று கேட்டேன். "தொடவே இல்லை" என்றார். ஒன்றை முயல் கடித்திருந்தது. என்னிடம் மீந்திருந்த கம்பிவலையை இன்று மாலை கொண்டுபோய்க் கொடுக்க வேண்டும்.